பெரிய ராட்டினத்தின் பிடி

மருதையன் பெரிய ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்து மூன்று வருஷம் முடியப்போகிறது. பிடியைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு. அதைக் கீழே அழுத்தினால் மறுமுனையில் இருக்கும் மரக்கட்டை சக்கரத்தின் உருளையைப் போய்க் கவ்வும், ராட்டினம் நிற்கும். தளர்த்தினால் சுற்றும். வருகிறவர்கள் பிரேக் என்பார்கள். தோப்பின் பழைய ஆட்கள் பிடி என்றுதான் சொல்வார்கள்.

மேலே போகிறவர்கள் கத்துவார்கள். புதுப் பெண்டாட்டிகள் புருஷன் தோளைக் கவ்விக்கொள்வார்கள். பெரிய மனுஷர்கள் முருகா முருகா என்பார்கள். எல்லாம் மருதையன் காதில் விழும். அடுத்த ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி விழும், அவ்வளவுதான். காலையில் எழுந்திருப்பான், அச்சுக்கு எண்ணெய் விடுவான், பெட்டிகளைத் துடைப்பான், நிற்பான். மூன்று வருஷமாக அவனுக்குப் பசித்ததாக நினைவில்லை. சாப்பிடும் நேரம் வந்தால் சாப்பிட்டான்.

அந்த இடத்துக்குப் பலகையில் எழுதியிருந்த பெயர் மீரா பார்க். கீழ்வேளூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு அது ராட்டினத்தோப்பு. மீரா சாகிப் பினாங்கில் இருபது வருஷம் துணிக்கடை வைத்திருந்தவர். அங்கே இருந்த வேடிக்கைப் பூங்கா ஒன்றுக்கு வாரம் தவறாமல் தம் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவாராம். ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தேக்கும் பீங்கானும் கொண்டுவர, அவர் பதினாறு மரக்குதிரைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினம் துறையிலிருந்து அந்தக் குதிரைகள் மாட்டுவண்டியில் வரிசையாக வந்ததைப் பார்க்க ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம் நின்றது. அது முப்பத்து நாலாம் வருஷம்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. குளத்தைச் சுற்றி ஓடும் மூன்று பெட்டி ரயில். ஒல்லியானவனைப் பானை வயிறாகவும் பானை வயிற்றுக்காரனை ஓலைப்பாயாகவும் காட்டும் கண்ணாடி மண்டபம். தட்டில் வைத்த தலை மட்டும் பேசுகிற பெண். கடைசியாகப் பன்னிரண்டு பெட்டி வைத்த பெரிய ராட்டினம். அதன் உச்சியில் ஏறினால் ஒரு பக்கம் நாகூர் மினாராக்களும் மறுபக்கம் வயலும் வயலுமாகக் கண்ணுக்கு எட்டுகிற வரை தெரியும். தோப்புக்கு ஒரே வாசல். மிராசுதார் வீட்டார் தங்களுக்குத் தனி நாள் கேட்டார்கள். "குதிரைக்கு யார் உக்காந்தாலும் ஒரே கனந்தான்" என்று மீரா சாகிப் மறுத்துவிட்டார். அதனால் வெகுகாலம் மிராசுதார்கள் அந்தப் பக்கம் வரவில்லை. மீரா சாகிப் போய் அவர் மகன் அப்துல் வஹாப் காலம் வந்த பிறகுதான், பேரப்பிள்ளைகளின் பிடுங்கல் தாங்காமல், ஒன்றிரண்டு கார்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தன.

மருதையனின் ஊர் அகரவெளி. தோப்பிலிருந்து தெற்கே நாலு மைல். மிராசுதார் பஞ்சநதத்தின் பண்ணையில் அவன் அப்பன் வேலனும் ஆள், அவனும் ஆள். ஐயாவு என்பவர் வந்து தெருமுனையில் சங்கக் கொடி ஏற்றிய பிறகு, அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி கூடக் கேட்டார்கள். ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனி ஏழைக்கு நியாயம் கிடைக்கும் என்று எல்லா மேடையிலும் பேச்சு. பஞ்சநதம் அரைப்படி தரமாட்டேன் என்று சொல்லி, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுக்க வைத்தார். அறுத்த கதிர் களத்துக்கு வந்த அன்று தெருப் பெண்கள் போய்க் குறுக்கே நின்றார்கள். முன்வரிசையில் நின்றவள் மருதையனின் மனைவி ராசம்மாள்.

பஞ்சநதத்தின் கையில் இருந்த துப்பாக்கி மூன்று தடவை வெடித்தது. இரண்டு தடவை வைக்கோல் போரில். மூன்றாவது ராசம்மாளின் வயிற்றில்.

மருதையன் அழவில்லை. குழியில் மண் தள்ளும்போதும் அழவில்லை. தெருவே மாரில் அடித்துக்கொண்டபோது அவன் மண்வெட்டியைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். அம்சத்துக்கு அப்போது ஆறு வயது. அவளை அவன் அக்கா காளியம்மாள் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பண்ணை அவனை வெளியே தள்ளியது. ஒருநாள் ரோட்டோடு நடந்து வந்தவன் தோப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை ராட்டினத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்துல் வஹாப் வந்து கேட்டார்.

"வேலை வேணுமாப்பா?"

"ம்."

அவன் யார் என்பது அவருக்குத் தெரியும். வேறு எதுவும் கேட்கவில்லை.

வழக்கு இரண்டரை வருஷம் நடந்தது. மருதையன் கூண்டில் ஏறி, எங்கே நின்றான், எத்தனை அடி தூரம், வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டதற்கெல்லாம் சொன்னான். அன்றைக்குப் பஞ்சநதம் நெஞ்சுவலி என்று சீட்டுக் கொடுத்துவிட்டு வரவில்லை. மற்ற நாட்களில் வந்தாலும் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். போன ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. கூட்டம் பாய்ந்து வந்தது, பயத்தில் சுட்டார், குறிவைத்துச் சுட்டதற்கு நம்பத்தகுந்த சாட்சி இல்லை, விடுதலை. ஐயாவு கோர்ட்டு வேப்பமரத்தடியில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மருதையன் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு தோப்புக்குத் திரும்பினான். அன்று சாயங்காலமும் ராட்டினம் சுற்றியது.

எழுபத்திரண்டாம் வருஷம் காணும் பொங்கலன்று தோப்பில் நிற்க இடமில்லை. கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வண்டி வண்டியாக ஜனம் இறங்கியது. நாகூரிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குதிரைகளுக்கு முன்னால் ஒரு வரிசை, தலை பேசுகிற கூடாரத்தில் ஒரு வரிசை, கண்ணாடி மண்டபத்துக்குள்ளிருந்து ஓயாத சிரிப்பு. பெரிய ராட்டினத்தின் வரிசை குளக்கரை வரை போயிருந்தது.

மூன்று மணி இருக்கும். வரிசையில் வந்து நின்றவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். மருதையன் திரும்பாமலே தெரிந்துகொண்டான். முப்பது வருஷம் வரப்பில் கேட்ட செருமல்.

பஞ்சநதம் நரைத்திருந்தார். வேட்டியும் மேல்துண்டும் அதே வெள்ளை. கூட, தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் பிரகதாம்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பாவாடையைத் தூக்கிக்கொண்டு குதித்தபடி.

"ஏம்ப்பா, இது பத்திரந்தானே?" என்றார் பஞ்சநதம்.

"பத்திரந்தாங்க."

"கொழந்தை பயப்படுவா. மெதுவா சுத்தணும்."

"சரிங்க."

அவருக்கு அவன் யாரென்று தெரியவில்லை. காக்கி நிக்கரும் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டையும் போட்ட ஒரு ராட்டினக்காரன். மருதையன் தனக்குள் ஏதாவது கிளம்புகிறதா என்று பார்த்தான். பானைக்குள் கையை விட்டுச் சோறு மிச்சம் இருக்கிறதா என்று துழாவுகிற மாதிரி. கை பானையின் அடியில் போய் இடித்தது. குழந்தையைத் தூக்கிப் பெட்டியில் வைத்து, பிரகதாம்பாள் ஏறியதும் குறுக்குக் கம்பியை மாட்டினான். பஞ்சநதம் ஏறவில்லை. தலை சுற்றும் என்று சொல்லிக் கீழேயே நின்றுகொண்டார்.

ராட்டினத்தில் ஆள் ஏற்றுவது ஒவ்வொரு பெட்டியாக. ஒரு பெட்டி நிரம்பியதும் பிடியைத் தளர்த்துவான், கொட்டகையில் ஓடும் டீசல் எஞ்சினின் வார் சக்கரத்தை அடுத்த பெட்டிவரை இழுக்கும், மறுபடி அழுத்துவான். அப்படி ஐந்தாறு பெட்டி நிரம்பியபோது குழந்தையின் பெட்டி உச்சிக்குப் போயிருந்தது. ஏறியவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்தில். எதிர்ப்பக்கம் முழுவதும் காலி.

அப்போது கொட்டகையில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் வார் அறுந்து சுவரில் போய் அடித்தது.

கனமான பக்கம் பின்னால் இறங்க ஆரம்பித்தது. மருதையன் தண்டின் மேல் விழுந்து அழுத்தினான். கட்டை கிறீச்சிட்டுப் புகைந்தது. சக்கரம் ஒரு முழம் இறங்கி நின்றது. மேலே எல்லாரும் கத்தினார்கள். இந்த மாதிரி சமயத்தில் தண்டை மாட்டி வைக்க ஒரு கொக்கி உண்டு. அது மார்கழியில் உடைந்து, பட்டறைக்குப் போனது இன்னும் வரவில்லை. கைதான் கொக்கி. கட்டையும் தேய்ந்த கட்டை. சக்கரம் ஒரு தடவை ஓட ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் பிடிக்காது. பெட்டிகள் குட்டிக்கரணம் அடிக்கும்.

எஞ்சின்காரர் அப்துல் ஜலீல் கொட்டகையிலிருந்து தலையை நீட்டினார். "வாரைத் தைக்கணும்! அரை மணி ஆவும்! தாங்குவியா?"

"கூட ஒரு கை வேணும்" என்றான் மருதையன்.

பிடி இருந்த இடம் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு சந்து. இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. யாரும் யோசிப்பதற்குள் பஞ்சநதம் மேல்துண்டை உதறிவிட்டு உள்ளே பாய்ந்து வந்தார். மருதையனின் கைக்குப் பக்கத்தில் தண்டைப் பிடித்து அழுத்தினார்.

"என் பேத்தி மேல இருக்கா! சௌந்தரா, கம்பியைப் புடிச்சுக்கோ! அசையாதே!"

மேலிருந்து ஒரு சின்னச் செருப்பு வந்து மண்ணில் விழுந்தது.

அப்துல் வஹாப் ஓடி வந்தார். கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார். தரையோடு இருந்த பெட்டியிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். அடுத்த பெட்டிக்கு ஏணி வைத்து ஒரு கிழவரையும் இரண்டு பெண்களையும் தோளில் இறக்கினார்கள். அதற்கு மேல் ஏணி எட்டவில்லை. குளத்துப் படகின் கயிற்றைக் கொண்டுவந்து பெட்டியைத் தென்னையோடு கட்டினார்கள். பழைய கயிறு, இழுத்த இழுப்புக்கு நீண்டது. அதை நம்பிக் கையை எடுக்க முடியாது.

கூட்டத்திலிருந்து ஒரு வாட்டசாட்டமான ஆள் வந்து, "நீங்க விலகுங்க ஐயா, நான் புடிக்கிறேன்" என்றான். பஞ்சநதம் நகர்வதற்காக ஒரு கையைத் தளர்த்தினார். தண்டு எகிறியது. சக்கரம் ஒரு சாண் உதறி இறங்கிற்று. உச்சிப் பெட்டி ஆடி, பிரகதாம்பாளின் அலறல் தோப்பு முழுக்கக் கேட்டது. மருதையன் மார்பைக் கொடுத்து அழுத்தி நிறுத்தினான்.

"யாரும் மாற வேணாம்" என்றான். "இப்படியே இருக்கட்டும்."

இப்படியே நின்றார்கள். தோளோடு தோள். பஞ்சநதத்தின் வியர்வை மருதையனின் முழங்கையில் சொட்டியது. ஜவ்வாது வாசனை அடித்தது. மருதையனின் அப்பன் அந்தப் பண்ணையில் நாற்பது வருஷம் உழைத்தவன். அவன்கூட அந்த மனுஷரை இவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க மாட்டான். கழுத்தில் ஒரு மரு இருந்தது. அது மருதையனுக்குத் தெரியாது இத்தனை நாளும்.

பத்து நிமிஷம் போனது. பஞ்சநதத்தின் உள்ளங்கை தோல் உரிய ஆரம்பித்தது. வலியை மறக்கப் பேசினார்.

"விட்டுடாதேப்பா. உன்னை நான் மறக்க மாட்டேன். உனக்கு என்ன வேணும்னாலும் செய்றேன்."

மருதையன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினான்.

"எந்த ஊரு நீ?"

"அகரவெளி."

"நம்ம ஊரா! நம்ம ஊர்ப் பயலா? யார் மவன்?"

"வேலன் மவன். மருதையன்."

அந்தப் பெயர் இரண்டரை வருஷம் வழக்குக் காகிதங்களில் இருந்த பெயர். வக்கீல் வீட்டில், சாப்பாட்டில், தூக்கத்துக்கு முன்னால் அவர் கேட்ட பெயர். பஞ்சநதம் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே உச்சிப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, இரும்பில் பதிந்திருந்த அவன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

அவர் நடுங்க ஆரம்பித்தது மருதையனுக்குத் தண்டின் வழியாகத் தெரிந்தது.

"டேய்... கொழந்தைடா அது" என்றார். "ஒண்ணும் அறியாத கொழந்தைப்பா. மருதையா. என்னை என்ன வேணும்னாலும் பண்ணு."

மருதையன் தண்டை அழுத்தியபடியே நின்றான்.

கையை எடுத்தால் போதும் என்ற நினைப்பு அவனுக்கு வந்தது. வராமல் இல்லை. ஈ வந்து உட்காருகிற மாதிரி வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது. அதை அவன் விரட்டவும் இல்லை, அதன் பின்னால் போகவும் இல்லை. கோபம் வந்தால் நல்லது என்று நினைத்தான். இரக்கம் வந்தாலும் நல்லதுதான். இரண்டும் வரவில்லை. கை மரத்துப்போயிருந்தது. அது பிடித்துக்கொண்டிருந்தது, அதனால் பிடித்துக்கொண்டிருந்தது.

"நான் வேணும்னு சுடலை" என்றார் பஞ்சநதம். அவர் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகியது. துடைக்கக் கை இல்லை. "அத்தனை பேரு வந்தீங்க. எனக்குக் கை நடுங்கிப்போச்சு. அந்தப் பொம்பளை முன்னாடி வந்து நின்னா. போன்னு சொன்னேன். போவலை. சாமி சத்தியமா, என் கை..."

"பேசாம அழுத்துங்க" என்றான் மருதையன். "பேசினா பிடி தளருது."

அவர் வாயை மூடிக்கொண்டு அழுத்தினார். மேலே குழந்தை அழுது அழுது ஓய்ந்து, விக்கிக்கொண்டிருந்தது. பிரகதாம்பாள் அதற்கு ஏதோ பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். காற்று அந்தப் பக்கம் திரும்பும்போது மட்டும் கேட்டது.

கடைசியில் அப்துல் ஜலீல், "வார் மாட்டியாச்சு! விடு, மெதுவா விடு!" என்று கத்தினார். கயிற்றை அவிழ்த்தார்கள். எஞ்சின் உறுமியது. மருதையன் ஒரு நூல் ஒரு நூலாகத் தளர்த்தினான். சக்கரம் முன்பக்கமாக நகர்ந்தது. உச்சிப் பெட்டி உச்சியைத் தாண்டி இறங்கி, காலிப் பக்கம் வழியாகத் தரைக்கு வந்தது. கம்பியை எடுத்ததும் பிரகதாம்பாள் குழந்தையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையின் பாவாடை நனைந்திருந்தது.

பஞ்சநதத்தின் விரல்களை ஒவ்வொன்றாகத்தான் தண்டிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. கூட்டம் கைதட்டியது. யாரோ மருதையனின் முதுகில் தட்டி, சிங்கம்யா நீ என்றார்கள். பஞ்சநதம் அவன் எதிரில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். தோல் கிழிந்த இரண்டு கைகளும் மார்பு உயரம் வரை, சேரப்போகிற மாதிரி, மேலே வந்தன. சேரவில்லை. பாதியில் தொங்கிப்போயின. அவர் மேல்துண்டைத் தேடாமலே நடந்து காரில் ஏறிவிட்டார்.

அப்துல் வஹாப் மருதையனைத் தம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி ஹமீதா பானு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். கையைக் கழுவி மருந்து போட்டுத் துணி சுற்றும்போது அப்துல் வஹாப், "அவர் வரிசையில நிக்கிறப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா வேற ஆளை நிறுத்தியிருப்பேனே" என்றார்.

"எதுக்குங்க?"

அவர் துணியை முடிச்சுப் போட்டுவிட்டு, "ரெண்டு நாள் பெரிய ராட்டினம் ஓடாது. நீ படு" என்றார்.

மறுநாள் காலையில் காளியம்மாள் அம்சத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அகரவெளியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. குளக்கரையில் ரயில் நிற்கிற கொட்டகையின் நிழலில் மருதையன் உட்கார்ந்திருந்தான். காளியம்மாள் கொண்டுவந்த தூக்கை டங்கென்று வைத்தாள்.

"உன் பொண்டாட்டியைச் சுட்டவன் வீட்டுப் புள்ளைய இடுப்பு ஒடியத் தாங்கிப் புடிச்சியாமே. தெருவே சிரிக்குது. ஐயாவு ஒருத்தருதான் நீ செஞ்சது சரிங்கறாரு. உனக்கு ரத்தம் ஓடுதா இல்லியா?"

"தெரியல அக்கா."

"விட்டிருந்தா என்னா? எந்தக் கோர்ட்டு உன்னைக் கேக்கும்? வாரு அறுந்துச்சு, போச்சு."

"மேல புள்ள இருந்துச்சு."

"ராசம்மாளும் ஒரு புள்ளைக்கு ஆத்தாதான்."

காளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபம் அடங்கும் மட்டும் தள்ளி இருப்போம் என்பது போல, குதிரைகள் பக்கம் எழுந்து போனாள்.

அம்சம் அங்கேயே நின்றாள். ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையோடு வருவாள், அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள், போய்விடுவாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. அவள் தூக்கைத் திறந்து, சோற்றில் குழம்பை விட்டுப் பிசைந்து, துணி சுற்றிய அவன் கையைப் பார்த்துவிட்டு, தானே உருட்டி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"அந்தப் புள்ள அழுதுச்சாப்பா?"

"அழுதுச்சு."

"அது பேரு என்னா?"

"சௌந்தரா."

இன்னொரு உருண்டை. அதையும் வாங்கிக்கொண்டான். அம்சம் கீழே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா அன்னிக்கு அழுதுச்சா?"

போலீசு கேட்டார்கள், இரண்டு பக்கத்து வக்கீலும் கேட்டார்கள், பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். தூரம் கேட்டார்கள், நேரம் கேட்டார்கள், யார் முதலில் கல் எறிந்தது என்று கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"இல்ல" என்றான். "தண்ணி கேட்டுச்சு."

"குடுத்தியா?"

"களத்துல தண்ணி இல்ல. கலயம் எல்லாம் உடைஞ்சு கெடந்துச்சு. வாய்க்காலுக்கு ஓடினேன். தை மாசம் பாரு, வாய்க்கா வத்திப்போயிருந்துச்சு. ஒரு எடத்துல கொஞ்சம் கலங்கலா கெடந்துச்சு. துண்டை நனைச்சு எடுத்துகிட்டு ஓடியாந்தேன்."

"குடிச்சுச்சா?"

"இல்ல."

அம்சம் சோற்றை மறுபடி பிசைந்தாள். குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"துண்டை என்னா பண்ணுன?"

"மூஞ்சியத் தொடைச்சு விட்டேன்" என்றான் மருதையன். "மண்ணா இருந்துச்சு. தொடைச்சு விட்டேன்."

அவன் அழுதான் என்று சொல்ல முடியாது. கண் காய்ந்துதான் இருந்தது. ஆனால் கை வலித்தது. நேற்றிலிருந்து துணிக்குள் யாருடையதோ போலக் கிடந்த கை, அப்போதுதான், தோளிலிருந்து விரல்நுனி வரை, தாங்க முடியாமல் வலிக்க ஆரம்பித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அம்சம் பயந்துபோய் அத்தையைக் கூப்பிட்டாள்.

அந்த வாரமே பஞ்சநதத்தின் காரியஸ்தர் தோப்புக்கு வந்தார். பண்ணையில் பழையபடி வேலை, மனைக்கட்டு, என்ன வேண்டுமோ கேட்கச் சொன்னார் என்றார். மருதையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு போனான். காரியஸ்தர் மறுபடி ஒரு தடவை வந்தார், பிறகு வரவில்லை. பஞ்சநதம் அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனதற்கு எதிராக வழக்குப் போட்டார், சிலதில் ஜெயித்தார். காணும் பொங்கலன்று நடந்ததைப் பற்றி அவர் யாரிடமாவது பேசினாரா என்று ஒருவருக்கும் தெரியாது. பிரகதாம்பாள் மட்டும் அடுத்த மாசியில் ஒருநாள் தனியாக வந்தாள். குதிரைகளுக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் மருதையனைப் பார்த்தாள். அவன் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அம்சம் அந்த வருஷம் பள்ளிக்கூடம் விட்டதும் தோப்புக்கே வந்துவிட்டாள். அப்துல் வஹாப் குளக்கரையில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். காளியம்மாள் இரண்டு மாதம் தம்பியோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் கருவாடு கொண்டுவந்தாள்.

மருதையன் பழையபடியேதான் இருந்தான் என்பார்கள் தோப்பில் வேலை பார்த்தவர்கள். அதிகம் பேசமாட்டான், சிரிக்கமாட்டான். ஆனால் அம்சம் ஏதாவது கேட்டால் சொல்வான். அம்மாவுக்குப் பாடத் தெரியுமா, அம்மா என்ன கலர் சீலை கட்டும், அம்மா உன்னைத் திட்டுமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். தெரிந்ததைச் சொல்வான். மறந்துபோனதற்கு, இரு, யோசிச்சுச் சொல்றேன் என்பான். இரண்டு நாள் கழித்து, அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிற நடுவில் நிமிர்ந்து, "பச்சை. அறுப்புக்குப் போறப்பல்லாம் பச்சைதான் கட்டும்" என்பான்.